மூடி திறந்துவிட்டால் முறையிடக் கூடாதா?

கேள்வி: வணக்கம் மேடம். எனக்கு வயது 34. யீஷூனில் இருக்கிறேன், பாலர் பள்ளியில் வேலை. தம்பி கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்பு ஆர்ச்சர்ட் ரோட்டில் ஒரு கடையில் ஃபவுண்டேஷன் (79 வெள்ளி), ரெட்டினால் சீரம் (92 வெள்ளி), லிப்ஸ்டிக் (43 வெள்ளி) மூன்றும் வாங்கினேன். "இரவு ரிசப்ஷன், ஃபிளாஷ் போட்டு நிறையப் படம் எடுப்பார்கள்" என்று சொல்லித்தான் கேட்டேன். கவுண்டரில் இருந்த பெண் கன்னத்தில் தடவிப் பார்த்து, ஒரு ஷேடைத் தேர்ந்தெடுத்து, அட்டையில் எழுதியும் கொடுத்தார். கல்யாணப் படங்களில் என் முகம் மட்டும் மாவு அப்பியது போல வெளுத்துக் கிடக்கிறது, கழுத்து வேறு நிறம். சீரம் போட்ட மூன்றாம் நாளே கன்னம் சிவந்து எரிந்தது. சின்ன வயதிலிருந்து எனக்கு எக்ஸிமா உண்டு, அதைக் கடையில் சொல்லவில்லை. லிப்ஸ்டிக் நிறம் வீட்டுக்கு வந்து பார்த்தால் பிடிக்கவில்லை. கடைக்குப் போனால், "எல்லாம் திறந்துவிட்டது, சுகாதாரக் காரணம், ரசீதிலேயே போட்டிருக்கிறது" என்று சொல்லி 20 வெள்ளி வவுச்சர் நீட்டினார்கள். நியூ ஜெர்சியில் இருக்கும் நாத்தனார், "இங்கே பாதி பாட்டிலைக்கூட வாங்கிக்கொள்வார்கள், நீ துடைத்துப் பெட்டியில் போட்டு வேறு கிளையில் கொடுத்துப் பார்" என்கிறார். மாமியாரோ, "முகத்தில் பூசியதைத் திருப்பிக் கொடுக்கப் போனாயா, வெட்கமாக இல்லையா" என்று கேட்டுவிட்டார். நான் கேட்டது தப்பா?

— யீஷூன் வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

தப்பில்லை. உங்கள் மாமியார் சொன்னதிலும் ஒரு நியாயம் இருக்கிறது, அதற்கு வருகிறேன். ஆனால் காசு கொடுத்து வாங்கிய பொருள் சரியில்லை என்று கடையில் போய்ச் சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை. பதினெட்டு வருடமாகப் பயனீட்டாளர் வழக்குகளைப் பார்க்கிறேன். நம் பெண்கள் பலர் இந்த ஒரு வார்த்தைக்குப் பயந்தே நூறு, இருநூறு வெள்ளியை விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதில் உண்மையிலேயே வருத்தம் உண்டு.

நீங்கள் வாங்கியவை மூன்று. மூன்றுக்கும் மூன்று பதில். கடை அவற்றை ஒரே மூட்டையாகக் கட்டி, "திறந்தாகிவிட்டது, முடிந்தது" என்றதுதான் பிழை. மூடி திறந்திருக்கிறதா என்ற கேள்வி சட்டத்தில் பின்னால்தான் வரும். பொருள் எதனால் திரும்பி வருகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

லிப்ஸ்டிக்கை முதலில் முடித்துவிடலாம். நிறம் நீங்களே பார்த்து எடுத்தது, பொருளில் குறை இல்லை, வீட்டு வெளிச்சத்தில் மனம் மாறிவிட்டது. சிங்கப்பூரில் மனம் மாறியதற்காகப் பணத்தைத் திருப்பிக் கேட்கும் பொது உரிமை கிடையாது. கடை கொடுத்தால் அது அவர்கள் பெருந்தன்மை. வீடு தேடி வந்து விற்பவர்களிடம் வாங்கினால் ஐந்து வேலைநாள் அவகாசம் உண்டு, நீங்களே நடந்து போய் வாங்கியதற்கு இல்லை. அந்த 43 வெள்ளியை மறந்துவிடுங்கள்.

ஃபவுண்டேஷனுக்குப் போகும் முன், "சுகாதாரக் காரணம்" என்று கடை சொன்னதைச் சாக்கு என்று ஒதுக்கிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். எனக்கு அது நேரில் தெரியும்.

பல்கலைக்கழக விடுமுறையில் ஒரு அழகுசாதனக் கடையில் பகுதிநேரமாக வேலை பார்த்தேன். ஒரு நாள் ஒருவர் விலை உயர்ந்த இரவு கிரீம் ஒன்றைத் திருப்பிக் கொடுத்துப் பணம் வாங்கிப் போனார். "திறக்கவே இல்லை" என்றார். மூடியைத் திறந்தேன். கிரீமின் மேல் ஒரு விரல் அழுந்திய குழி. குழியின் ஓரத்தில் ஒரு புருவ முடி. மேலாளர் எட்டிப் பார்த்தார். சின்ன பிளாஸ்டிக் கரண்டியை என் கையில் கொடுத்து, "முடியை எடுத்துட்டு மட்டம் பண்ணி, சீல் ஒட்டி வச்சிடு" என்றார். எனக்கு அப்போது இருபது வயது. சொன்னபடி செய்தேன். அந்த டப்பா மூன்று நாளில் விற்றுப்போனது. வாங்கியது யார், அவர் தோல் என்ன ஆனது, எதுவும் தெரியாது. அந்தக் குழியை மட்டம் செய்தது இன்னும் என் விரலில் இருக்கிறது.

அகன்ற வாய் டப்பாவில் விரல் விட்டு எடுக்கும் கிரீமில், விரலில் உள்ள கிருமிகள் உள்ளே போகும். கிரீமில் சேர்க்கும் பதனப் பொருள்கள் ஓரளவுக்குத்தான் தாங்கும். கண் மையும் மஸ்காராவும் இன்னும் மோசம். கண்ணிமையைத் தொட்ட குச்சி அப்படியே திரும்பக் குழாய்க்குள் போகிறது. அதனால் திறந்த பொருளை வாங்கிக்கொள்ளும் நேர்மையான கடை அதைக் குப்பையில்தான் போட வேண்டும். அதைப் புதிது என்று மறுபடி விற்பது பயனீட்டாளர் பாதுகாப்பு (நியாய வர்த்தக) சட்டத்தின்படி நேர்மையற்ற நடைமுறை. உங்கள் மாமியார் சட்டம் படித்துச் சொல்லியிருக்க மாட்டார். ஆனால் தாம் தொட்டதை இன்னொருத்தி முகத்தில் பூசக் கூடாது என்ற எண்ணம் அவருக்கு இருக்கிறது. நான் அந்த எண்ணத்தை மதிக்கிறேன்.

சரி, ஃபவுண்டேஷன். இங்கே உங்கள் பக்கம் வலு இருக்கிறது.

பொருள் விற்பனைச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. இங்கிலாந்தின் 1979 ஆம் ஆண்டுச் சட்டம், 1993 இல் நம் சட்டமாகவும் ஏற்கப்பட்டது. அதன் 14 ஆவது பிரிவு இரண்டு வாக்குறுதிகளை, கடைக்காரர் வாயால் சொல்லாவிட்டாலும், விற்பனைக்குள்ளேயே வைத்துவிடுகிறது. ஒன்று, பொருள் திருப்திகரமான தரத்தில் இருக்க வேண்டும். இரண்டாவது, இன்ன காரியத்துக்கு வேண்டும் என்று நீங்கள் விற்பவரிடம் சொல்லி, அவருடைய திறமையை நம்பி வாங்கினால், பொருள் அந்தக் காரியத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். உங்கள் கேஸ் இந்த இரண்டாவதில் உட்காருகிறது.

நீங்கள் அனுப்பிய படத்தில் ஃபவுண்டேஷன் பாட்டிலின் பின்பக்கம் தெளிவாகத் தெரிகிறது. சன்ஸ்க்ரீன் கலந்தது, டைட்டானியம் டையாக்ஸைடு உள்ளது. இந்த வெள்ளைத் தாது வெயிலின் புற ஊதாக் கதிரைப் பெரும்பாலும் உறிஞ்சிக்கொள்ளும், கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் திருப்பி அடிக்கும். கேமரா ஃபிளாஷையும் அப்படியே திருப்பி அடிக்கும். அதனால்தான் கண்ணாடியில் பார்க்கும்போது ஒழுங்காக இருந்த முகம் படத்தில் மட்டும் வெளுத்துவிடுகிறது. வெள்ளைத் தோலில் அவ்வளவாகத் தெரியாது. நம் மாநிறத்திலும் கறுப்பிலும் சாம்பல் பூத்த மாதிரி தெரியும். பாட்டிலில் குறை இல்லை. வெயிலுக்கு நல்ல பொருள்தான். இரவு ஃபிளாஷுக்கு ஏற்றதல்ல, அவ்வளவுதான். மேக்கப் செய்பவர்களுக்கு இது பாலபாடம். கவுண்டரில் நிற்பவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

"நீங்களே முகத்தில் தடவிப் பார்த்துத்தானே வாங்கினீர்கள்" என்று கடை கேட்கும். தடவிப் பார்த்தால் தெரிந்திருக்கக்கூடிய குறைக்குத்தான் அந்தப் பதில் செல்லும். கடை விளக்கில் யார் எத்தனை முறை பார்த்தாலும் ஃபிளாஷில் என்ன ஆகும் என்று தெரியப் போவதில்லை. அதைத் தெரிந்தவர் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் நீங்கள் கவுண்டரில் கேட்டீர்கள்.

"நீங்கள் அப்படிச் சொல்லவே இல்லை" என்று மறுத்தால்? அந்த அட்டை. ஷேட் எண்ணுக்குக் கீழே அந்தப் பெண் தம் கையாலேயே "வெடிங், நைட்" என்று எழுதியிருக்கிறார். அதன் மதிப்பு உங்களுக்குத் தெரியவில்லை போலிருக்கிறது, கடிதத்தில் ஒரு வரியோடு விட்டுவிட்டீர்கள். இந்த விவகாரத்தில் உங்களிடம் இருக்கும் மிக உறுதியான சான்று அதுதான். பத்திரமாக வையுங்கள்.

"ஆனால் பயன்படுத்திவிட்டீர்களே" என்பதுதான் அவர்கள் கடைசியாகப் பிடித்துக்கொள்ளும் கிளை. இதற்கு ஒரு பழைய வழக்கைச் சொல்கிறேன். 1931 இல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்ட் நகரில் ஒரு டாக்டர் கம்பளி உள்ளாடை வாங்கி உடுத்தினார். ஆலையில் சரியாக அலசப்படாத ரசாயனம் அதில் தங்கியிருந்தது. தோல் நோய் வந்து பல வாரம் படுக்கையில் கிடந்தார். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. 1994 வரை நமக்கும் அதுதான் கடைசி மேல்முறையீட்டு மன்றம். 1935 இல் டாக்டர் வென்றார். செய்த ஆலை மட்டுமல்ல, விற்ற கடையும் பொறுப்பு என்று தீர்ப்பு. உள்ளாடையை விட உடம்போடு ஒட்டிய பொருள் எது இருக்கிறது? உடுத்திவிட்டாய், அதனால் உனக்கு உரிமை போயிற்று என்று மன்றம் சொல்லவில்லை. சில குறைகள் பயன்படுத்தினால்தான் தெரியும்.

பயன்படுத்தியதற்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது. குறையுள்ள பொருளை வாங்கியவருக்குப் பரிகாரம் தரும், 2012 செப்டம்பரில் வந்த லெமன் சட்டத்தை வண்டிக்கும் ஃபிரிட்ஜுக்கும் மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். கடையில் வாங்கும் பொதுப் பொருள்கள் எல்லாவற்றுக்கும் அது உண்டு. ஆறு மாதத்துக்குள் குறை (சொன்ன காரியத்துக்குப் பொருந்தாததும் இங்கே குறைதான்) வெளிப்பட்டால், பொதுவாக அது விற்றபோதே இருந்ததாக எடுத்துக்கொள்ளப்படும். முதலில் பழுதுபார்த்தல் அல்லது மாற்றித் தருதல். அது முடியாவிட்டால் விலைக்குறைப்பு அல்லது பணம். பணம் தரும்போது நீங்கள் பயன்படுத்திய அளவுக்குக் கழித்துக்கொள்ளவும் அந்தச் சட்டம் இடம் தருகிறது. நீங்கள் நாலு முறை பூசியிருக்கிறீர்கள். 79 வெள்ளியில் பத்து, பதினைந்து கழித்துத் தந்தால் நான் ஏற்றுக்கொள்ளச் சொல்வேன். ஃபிளாஷுக்கு ஏற்ற வேறு ஃபவுண்டேஷன் மாற்றித் தந்தாலும் சரி. 20 வெள்ளி வவுச்சரை மட்டும் வாங்காதீர்கள், வாங்கினால் கணக்கு முடிந்தது என்பார்கள்.

ரசீதில் அச்சிட்ட வரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பணம் கட்டிய பிறகு கைக்கு வந்த தாளில் இருக்கும் நிபந்தனை உங்களைக் கட்டுப்படுத்துமா என்பதே சந்தேகம். சுவரில் பெரிதாக எழுதி வைத்திருந்தாலும் 14 ஆவது பிரிவின் உரிமையைப் பயனீட்டாளரிடமிருந்து பறிக்க முடியாது. நியாயமற்ற ஒப்பந்த விதிகள் சட்டம் அதைத் தடுக்கிறது. "பணம் திருப்பித் தரப்படாது" என்ற பலகை மனம் மாறியவர்களுக்கு மட்டுமே செல்லும்.

இப்போது சீரம். இங்கே உங்களுக்குப் பிடிக்காத பதிலைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

1939 இல் இங்கிலாந்தில் ஒரு பெண் ட்வீட் கம்பளிக் கோட்டு வாங்கினார். அவருக்கும் தோல் நோய் வந்தது, அவரும் வழக்குப் போட்டார். ஆனால் தோற்றார். அவர் தோல் வழக்கத்துக்கு மாறாக மென்மையானது, சாதாரண ஆளுக்கு அந்தக் கோட்டு ஒன்றும் செய்திருக்காது, அதை அவர் கடையில் சொல்லவும் இல்லை. அடிலெய்ட் டாக்டருடைய உள்ளாடையில் நஞ்சு இருந்தது, இந்தக் கோட்டில் இல்லை. உங்கள் சீரம் கோட்டின் பக்கம்தான் நிற்கிறது. ரெட்டினால் எக்ஸிமா இல்லாதவர்களுக்கே தொடக்கத்தில் சிவப்பும் எரிச்சலும் தரும். எக்ஸிமா இருப்பதை நீங்கள் சொல்லியிருந்தால் அந்தப் பெண் வேறு எதையாவது காட்டியிருப்பார், அல்லது அப்படிக் காட்டாதது அவர் தவறாகியிருக்கும். சொல்லாததால் 92 வெள்ளியைக் கேட்க உங்களுக்குப் பிடிமானம் குறைவு. கேட்டுப் பாருங்கள், தந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் ஃபவுண்டேஷனுக்கான கோரிக்கையோடு இதைக் கலக்காதீர்கள். பலமான கோரிக்கையைப் பலவீனமானது கீழே இழுத்துவிடும்.

நாத்தனார் சொன்னதற்கு வருகிறேன். அமெரிக்காவில் சில பெரிய ஒப்பனைக் கடைகள் பூசிப் பார்த்த பொருளையும் வாங்கிக்கொள்கின்றன என்பது உண்மை. அது அங்கேயும் சட்டம் கட்டாயப்படுத்தியதால் அல்ல. கடைகள் வாடிக்கையாளரைப் பிடித்துவைக்கத் தாமே வகுத்த கொள்கை. குப்பைக்குப் போகும் ஒவ்வொரு பாட்டிலின் விலையும் அடுத்தவர் வாங்கும் பாட்டிலில் ஏறுகிறது. நம் ஊர்க் கடை அப்படிச் செய்யாததை நான் அநியாயம் என்று சொல்ல மாட்டேன்.

அவர் சொன்ன இன்னொரு யோசனையை மட்டும் கனவிலும் செய்யாதீர்கள். திறந்ததைத் துடைத்து, "திறக்கவில்லை" என்று சொல்லிப் பணம் வாங்குவது ஏமாற்று. தண்டனைச் சட்டத்தில் அதற்குப் பிரிவு இருக்கிறது. உங்கள் கையில் உண்மையான கோரிக்கை இருக்கும்போது ஏன் பொய்யான ஒன்றை உண்டாக்க வேண்டும்? அதோடு, அந்த பாட்டில் யார் முகத்துக்குப் போகும் என்று நினைத்துப் பாருங்கள். நான் மட்டம் செய்த கிரீம் எனக்கு நினைவுக்கு வருகிறது.

செய்ய வேண்டியது இதுதான். இந்த வாரமே கடைக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். நேரம் கடத்தினால் பொருளை ஏற்றுக்கொண்டதாகிவிடும். கவுண்டர் பெண்ணிடம் மறுபடி போய் நிற்காதீர்கள், முடிவெடுக்கும் அதிகாரம் அவர் கையில் இல்லை. விற்பனை ரத்தானால் பல கடைகளில் கமிஷன் அவர் சம்பளத்திலிருந்து போகும், நான் இருந்த கடையிலும் அப்படித்தான். மேலாளருக்கு எழுதுங்கள். இந்த அளவு போதும்: "இன்ன தேதியில், இரவுத் திருமண வரவேற்பில் ஃபிளாஷ் படங்களுக்காக என்று சொல்லி, உங்கள் ஆலோசகர் தேர்ந்தெடுத்த ஃபவுண்டேஷனை வாங்கினேன். அவர் எழுதிய அட்டை, ரசீது, படங்கள் இணைப்பில். சொன்ன நோக்கத்துக்குப் பொருள் ஏற்றதாக இல்லை. பொருத்தமான பொருளாக மாற்றித் தாருங்கள், இல்லையேல் பயன்படுத்திய அளவைக் கழித்துப் பணத்தைத் தாருங்கள். 14 நாளில் பதில் எதிர்பார்க்கிறேன்." கோபம் வேண்டாம், ஃபேஸ்புக்கில் போட்டுவிடுவேன் என்ற மிரட்டலும் வேண்டாம். படங்களில் ஃபிளாஷ் போட்டது ஒன்று, அதே இரவில் ஃபிளாஷ் இல்லாமல் எடுத்தது ஒன்று, பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பார்த்தவுடன் புரிந்துவிடும்.

பதில் வராவிட்டால், அல்லது மறுபடி "திறந்துவிட்டது" என்றே பதில் வந்தால், சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்திடம் புகார் கொடுங்கள். கேஸ் என்று நாம் சொல்வது அவர்களைத்தான். 1971 இலிருந்து இருக்கிறார்கள், கடையோடு பேசித் தீர்க்க உதவுவார்கள். அதிலும் நடக்கவில்லையென்றால் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம். 5,000 வெள்ளிக்கு உட்பட்ட பயனீட்டாளர் கோரிக்கைக்குக் கட்டணம் 10 வெள்ளிதான், இணையத்திலேயே தாக்கல் செய்யலாம், இரண்டு வருடம் அவகாசம் உண்டு. அங்கே வழக்கறிஞர் வாதாட முடியாது, கடைக்காரருக்கும் வழக்கறிஞர் கிடையாது. நீங்களே பேசலாம். பாலர் பள்ளியில் இருபது பிள்ளைகளைச் சமாளிப்பவருக்கு அந்த அறை ஒன்றும் பெரிதாகத் தெரியாது. 79 வெள்ளிக்கு அவ்வளவு தூரம் போக வேண்டுமா என்று கேட்டால், பெரும்பாலும் தேவைப்படாது. அட்டையின் படத்தைப் பார்த்ததும் மேலாளர் இறங்கி வருவார் என்றே நினைக்கிறேன்.

கடைக்காரர்களும் இந்தப் பகுதியைப் படிக்கிறார்கள் என்று தெரியும், அதனால் அவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். ஷேடை வாடிக்கையாளரே எடுத்தால் "திறந்தது திரும்பாது" என்று நில்லுங்கள், நான் உங்கள் பக்கம். உங்கள் ஆள் எடுத்துக் கொடுத்தால் ஒருமுறை மாற்றித் தாருங்கள். அதை விடச் சுலபமான வழியும் இருக்கிறது. கட்டைவிரல் அளவு சின்ன டப்பாவில் இரண்டு நாளுக்குப் போதுமான ஃபவுண்டேஷனைப் போட்டுக் கொடுத்து, "வீட்டில் பூசி, வெயிலில் ஒரு படம், இரவில் ஃபிளாஷ் போட்டு ஒரு படம் எடுத்துப் பார்த்துவிட்டு வாங்க" என்று சொல்லலாம். மாநிறப் பெண்களுக்கு இது சலுகை அல்ல, அவசியம். நம் நிறத்துக்கு அலமாரியில் இருப்பதே நாலைந்து ஷேடு, அதில் ஒன்றைக் கடை விளக்கில் ஐந்து நிமிடத்தில் சரியாகப் பிடிப்பது யாருக்கும் கஷ்டம். திருப்பித் தரும் விதியையும் ரசீதில் ஒளிக்காமல் கவுண்டரில், கண் மட்டத்தில் வையுங்கள்.

சகோதரி, கடைசியாக உங்கள் கன்னம். சீரத்தை இன்றோடு நிறுத்துங்கள். எரிச்சல் தணியாவிட்டால் பலதுறை மருந்தகத்துக்குப் போங்கள். அவர்கள் தேவையென்று நினைத்தால் மண்டலே ரோட்டில் உள்ள தேசிய சரும நிலையத்துக்கு அனுப்புவார்கள், எந்தப் பொருள் உங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று முதுகில் பட்டை ஒட்டிப் பரிசோதிக்கும் வசதி அங்கே இருக்கிறது. எரிச்சல் கடுமையாக இருந்தால் சுகாதார அறிவியல் ஆணையத்திடமும் தெரிவிக்கலாம். அழகுசாதனப் பொருள்களைக் கண்காணிப்பது அவர்கள்தான். அதனால் கோபத்தில் அந்த பாட்டிலைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். பெட்டியோடு ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டி வையுங்கள், டாக்டரிடம் போகும்போது கையோடு எடுத்துப் போங்கள். பெட்டியில் உள்ள மூலப்பொருள் பட்டியலையும் தொகுதி எண்ணையும் அவர் கேட்பார்.